பரம்பலும் பங்கீடும்

சென்ற ஆண்டு நோன்புக்குச் சற்று முன்னர் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் மௌத்தாகி இரண்டு மாதம் கழிந்திருந்தது. தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளை நகரத்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்த மனிதர். அரை ஏக்கர் மிளகுத் தோட்டமும் குடியிருந்த வீடும் அவர் விட்டுச் சென்றவை. மனைவி, வயதான தாய், ஒரு மகன், இரண்டு பெண் பிள்ளைகள் ஆகியோர் வாரிசுகள். பராயிழ் சட்டத்தை மௌலவி சொன்னார். பின்னங்களைக் கூட்டிக் கழித்து எழுதும் வேலை என்னிடம் வந்தது. கணக்கு வாத்தியார் என்றால் எங்கள் ஊரில் இதுவும் கடமைதான்.

மனைவிக்கு 1/8. தாய்க்கு 1/6. மீதி 17/24. அது மகனுக்கு இரண்டும் மகள்மாருக்கு ஒவ்வொன்றுமாகப் பிரிய வேண்டும். மொத்தச் சொத்தை 96 பங்காக்கினால் மனைவிக்கு 12, தாய்க்கு 16, மகனுக்கு 34, மகள்மாருக்குப் பதினேழு பதினேழு. கூட்டிப் பார்த்தேன்; 96 சரியாக வந்தது. கொப்பித் தாளில் துப்புரவாக எழுதி மகனிடம் நீட்டினேன். அவனுக்கு வயது பத்தொன்பது.

"பாருங்க மகன், எங்கயாவது பிழையிருந்தா சொல்லுங்க."

அவன் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தான். கண் ஒரே இடத்தில் நின்றது. பின் தாளை மடித்துத் தன் உம்மாவிடம் கொடுத்தான்.

"சேர் போட்டா சரியாத்தான் இருக்கும்."

எல்லோரும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது வேறு மாதிரிப் பட்டது. அந்தத் தாளை அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. எட்டில் ஒன்று பெரிதா ஆறில் ஒன்று பெரிதா என்பது அவனுக்குத் தெரியாது. அன்று நான் அவனுடைய பங்கில் பத்தைக் குறைத்து எழுதியிருந்தாலும் அவன் அதையே சொல்லியிருப்பான். அவனுக்கு ஐந்தாம் ஆண்டில் பின்னம் கற்பித்திருக்க வேண்டியவன் நான்.

அந்த வகுப்பில் 26 பிள்ளைகள் இருந்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சை வரும் ஆண்டு. இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்ததும், கலாசாலையில் படித்த முறைப்படி புள்ளிகளை வகுப்பாயிடைகளாகப் பிரித்து மீடிறன் அட்டவணை ஒன்று போட்டேன். படம் தெளிவாக விழுந்தது. இருவர் எப்படியும் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவார்கள். ஆறு பேர் அதன் கரையில் நிற்கிறார்கள்; தள்ளிவிட்டால் தாண்டலாம். பதினெட்டுப் பேர் தூரத்தில். அந்த அட்டவணையைப் பார்த்த நாளிலிருந்து எனது நேரம் அந்த ஆறு பேருக்குப் போயிற்று. பின்னேர வகுப்பு அவர்களுக்கு. கரும்பலகைக்கு அழைப்பது அவர்களை. கொப்பி திருத்துவதும் அவர்களுடையதை முதலில். ஆறு பேரில் மூவர் சித்தியடைந்தார்கள். முன்னைய இருவரோடு ஐவர். எங்கள் போன்ற சிறிய பாடசாலைக்கு அது பெரிய எண்ணிக்கை. வாசலில் பெனர் கட்டினோம். பதினெட்டுப் பேரில் ஒருவனாக, கடைசி மேசையில், அந்தப் பையன் இருந்தான்.

இதைச் செய்யும்படி எவரும் எனக்குச் சொல்லவில்லை. அட்டவணை சொன்னது என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அட்டவணை அப்படி எதையும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிழை பற்றியது.

ஆங்கிலத்தில் 'டிஸ்ரிபியூஷன்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு வகுப்பின் புள்ளிகள் எங்கே குவிந்து எங்கே ஐதாகக் கிடக்கின்றன என்பதற்கும் அதுதான் சொல். வெள்ளம் வந்த ஊரில் நிவாரண அரிசி கொடுப்பதற்கும் அதுதான் சொல். தமிழ் இவ்விடத்தில் எமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. முன்னதை எமது பாடநூல்கள் பரம்பல் என்கின்றன. பின்னதைப் பங்கீடு என்கிறோம். மழை விட்டபின் மலைச்சரிவில் நீர் தன் போக்கில் பரம்பிக் கிடக்கிறது. அதை வாய்க்கால் வெட்டி வயலுக்கு வயல் திருப்பிவிடுவது பங்கீடு. நீரிடம் ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்க முடியாது. வாய்க்கால் வெட்டியவனிடம் கேட்கலாம். அவன் பதில் சொல்லியாக வேண்டும். நான் பரம்பலைப் பார்த்துவிட்டு, அதையே பங்கீட்டுக்கான கட்டளையாக வாசித்திருந்தேன்.

பரம்பலைப் பார்ப்பதில் குற்றமில்லை. அது ஒரு பெரிய அறிவு; எமது முன்னோருக்கு அதில் பங்கும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி இரகசிய எழுத்துகளை உடைப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன வழி எளிமையானது. அந்த மொழியின் சாதாரணமான ஒரு நீண்ட எழுத்தை எடுத்து ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. இரகசியக் கடிதத்தில் உள்ள குறிகளையும் அப்படியே எண்ணு. அதிகம் வரும் குறியை அதிகம் வரும் எழுத்தோடு பொருத்து. பூட்டு திறந்துவிடும். எழுத்து தன் முகத்தை மறைக்கலாம்; எத்தனை முறை வருகிறது என்பதை மறைக்க முடியாது. மீடிறனை எண்ணி ஓர் உண்மையைக் கண்டுபிடித்த மிகப் பழைய நூல்களில் இது ஒன்று.

மொழியில் பரம்பல் இன்னும் நுட்பமானது. 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே ககரம்தான், ஒலி மூன்று. சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லினத்தின் பின் கனத்த ஒலி, இரண்டு உயிர்களுக்கு நடுவே ஏறத்தாழ ஹகரம். ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது. இதை மொழியியலார் துணைநிலை வழக்கு என்பர். ஒன்றோடொன்று போட்டியிடாமல் இடத்தைப் பிரித்துக்கொண்ட இவ்வொலிகளை அவர்கள் மூன்றாக எண்ணுவதில்லை. ஒரே ஒலியனின் மூன்று வடிவங்கள் என்கிறார்கள். அரபிலோ ககரத்தை ஒத்த ஒலிகள் வெவ்வேறு எழுத்துகள். மாறினால் பொருளும் மாறிவிடும். அரபுத்தமிழில் எழுதிய எமது பாட்டன்மார் ஒரு மொழியின் ஒலிகளை மற்றதன் எழுத்துக்குள் இருத்த எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்பது இதை எண்ணும்போதுதான் விளங்கும். தமிழில் உள்ள சில ஒலிகள் அரபில் இல்லை. அதற்காக அவர்கள் அவ்வொலிகளைத் தள்ளிவிடவில்லை. அரபு எழுத்துகளுக்குப் புதிதாய்ப் புள்ளிகள் இட்டு இடம் செய்து கொடுத்தார்கள்.

எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும், எந்த மெய்யின் பின் எந்த மெய் நிற்கும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்திருக்கிறார். அது முழுவதும் பரம்பல் பற்றிய பேச்சுத்தான். அவ்விதிப்படி ழகரம் சொல்லின் முதலில் வராது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்: "அப்ப ழ கடைசி பெஞ்சா சேர்?" ஆம், ஒரு வகையில் அப்படித்தான். ஆனால் 'தமிழ்' என்ற பெயரே அந்தக் கடைசி எழுத்தில்தான் முடிகிறது. முதலில் வராதது என்பதால் ழகரம் குறைந்த எழுத்து என்று எந்த இலக்கணக்காரரும் எழுதவில்லை. ரகரமும் றகரமும்கூட முதலில் வரா. ஆதலால் பழைய புலவர்கள் றசூல் என்பதை 'இறசூல்' என்றார்கள். இன்று நாம் ரஹ்மான் என்றும் ரமழான் என்றும் தயங்காமல் எழுதுகிறோம். புதியவர்கள் வந்தபோது மொழி தன் வாசலைத் திருத்திக்கொண்டது. பரம்பல் என்பது நேற்றுவரை இருந்ததன் கணக்கு. நாளைக்கான தீர்ப்பு அதில் எழுதப்பட்டிருப்பதில்லை.

சொல்லுக்கும் இப்படியே. 'கடை' என்ற சொல்லை எடுப்போம். 'கடைக்குப் போ' என்றால் ஒன்று. 'கடை மாணவன்' என்றால் வேறு. அயலில் நிற்கும் சொற்களே பொருளைத் தருகின்றன. அமெரிக்காவில் ஹரிஸ் 1954இலும், இங்கிலாந்தில் ஃபேர்த் 1957இலும் இக்கருத்தை வலியுறுத்தி எழுதினார்கள். இன்று கணினிகள் மொழியைக் கையாள்வதும் சொற்களின் அயலை ஏராளமாக எண்ணி வைத்துக்கொண்டுதான். சொல்லைப் பொறுத்தவரை இது சரி. பிள்ளையைப் பொறுத்தவரை? கடைசி மேசையில் பத்து மாதம் இருத்தி வைத்தால் பிள்ளைக்கும் அந்த அயலின் பொருள் ஒட்டிக்கொள்கிறது. அது அவனுடைய பொருள்தானா, நாம் இருத்திய இடத்தின் பொருளா என்று பிறகு பிரித்தறிய முடிவதில்லை.

புள்ளிவிபரவியலில் மணி வடிவில் வரும் செவ்வன் பரம்பலின் வரலாறு இவ்விடத்தில் முக்கியமானது. அது முதலில் மனிதரை அளக்கப் பயன்பட்ட கோடன்று. வானியலாளர் ஒரே நட்சத்திரத்தின் இடத்தைப் பலமுறை அளந்தபோது, அளவுகள் சற்றே முன்பின்னாக வந்தன. அந்த வழுக்கள் எப்படிப் பரம்புகின்றன என்பதற்கான விதியாகக் கவுஸ் 1809இல் அதை எடுத்தாண்டார். நட்சத்திரம் ஒன்று, அளவுகள் பல. நடுவில் நிற்பது உண்மைக்குக் கிட்டியது, விலகி நிற்பது வழு. பின்னர் பெல்ஜியத்துக் கெற்றலே, தாமும் ஒரு வானியலாளர், 1835இல் வெளியிட்ட நூலில் அதே சிந்தனையை மனிதர் மேல் வைத்து 'சராசரி மனிதன்' என்ற கருத்தைத் தந்தார். அப்போது ஒரு விடயம் சந்தடியில்லாமல் மாறிவிட்டது. நட்சத்திரத்தைச் சுற்றியிருந்தவை வழுக்கள். இடையைச் சுற்றி நிற்பவர்களோ பிள்ளைகள். 26 பேரும் ஒரே பிள்ளையை இருபத்தாறு முறை அளந்த அளவுகளல்லர். எனது வகுப்பின் இடை 61 என்றால், 61 என்று பெயருடைய பிள்ளை அங்கே எவருமில்லை.

இனி, பரம்பலைக் கொண்டு இந்நாடு பங்கீடு செய்த கதைக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதி எம் எல்லோர் வீட்டையும் தொட்ட விடயம். 1970களின் தொடக்கத்தில் சிங்கள மொழிமூலப் புள்ளிகளும் தமிழ் மொழிமூலப் புள்ளிகளும் தரப்படுத்தப்பட்டன. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அது வாசலைத் திறந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அதே வாசலை ஒடுக்கியது. அந்தக் காயம் இந்நாட்டுக்கு எவ்வளவு விலையானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2001 முதல் இஸட் புள்ளி வந்தது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து நியம விலகலால் வகுப்பார்கள். இடை 40, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 60 எடுத்தவருக்கு 2 கிடைக்கும். இடை 70, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 75 எடுத்தவருக்கு 0.5தான். கடினமான பாடத்தை எடுத்தவர் தண்டிக்கப்படாமல் இருக்க இது நல்ல வழி. ஆனால் இஸட் புள்ளி சொல்வது ஒன்றே: இந்தக் கூட்டத்தில் நீ எங்கே நிற்கிறாய். எங்கிருந்து புறப்பட்டாய் என்பது அதற்குத் தெரியாது.

எந்தக் கூட்டத்தில் என்பதையும் அது தானாகத் தீர்மானிப்பதில்லை. 2011 ஆகஸ்ட் உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினர். இருசாராரையும் சேர்த்து இஸட் புள்ளி கணித்தார்கள். பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் இரு வேறு கூட்டத்தினர், தனித்தனியே கணிக்க வேண்டும் என்று 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் யாரை ஒரே பரம்பலில் வைப்பது என்ற கேள்விக்குக் கணிதத்தால் விடை சொல்ல முடியவில்லை. நீதிபதிகளே சொல்ல வேண்டியிருந்தது.

இன்றும் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. மாத்தளை அந்தப் பதினாறில் இல்லை. அயலிலுள்ள அநுராதபுரம் இருக்கிறது. ஏ9 வீதி எங்கள் மாவட்டத்தை ஊடறுத்துத் தம்புள்ளையைக் கடந்து அநுராதபுர மாவட்டத்துள் நுழைகிறது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அதே காய்ந்த மண், அதே ஆசிரியர் பற்றாக்குறை. வெட்டுப்புள்ளி மட்டும் வேறு. நான்காம் தசமதானத்தில் வாசலைத் தவறவிட்ட பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? ஆனாலும் கோடுகளே வேண்டாம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கோடில்லாவிட்டால் வசதியுள்ள நகரத்துப் பாடசாலைகள் எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளும். கோடு வரைந்தவர் அது தம் கையால் வரைந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், மறுபடி பார்க்க ஆயத்தமாக இருக்க வேண்டும். என் வாதம் அவ்வளவே.

குறைந்ததை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு எமது மரபில் ஒரு விடை உண்டு. அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் பெரும் பகுதி மரண சாசனமும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகள்தான். எமது கணிதத்துக்கும் பங்கீட்டுக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு. பராயிழில் 'அவ்ல்' என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு பெண் மரணிக்கிறார். கணவனும் உடன்பிறந்த இரு சகோதரிகளும் வாரிசுகள். கணவனுக்கு 1/2. சகோதரிகளுக்கு 2/3. ஆறில் மூன்றும் ஆறில் நான்கும் சேர்ந்து ஆறில் ஏழாகிறது. சொத்து ஒன்று, உரிமையோ ஒன்றை மிஞ்சிவிட்டது. இத்தகைய வழக்கு உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் வந்தபோது, யாரை முற்படுத்துவது யாரைப் பிற்படுத்துவது என்று தம்மால் துணிய முடியாத நிலையில், அவர்கள் தோழர்களோடு கலந்தார்கள். ஆறை ஏழாக்குவது என்று முடிவாயிற்று. கணவனுக்கு 3/7, சகோதரிகளுக்கு 4/7. எல்லோருக்கும் குறைந்தது, எவரும் வெறுங்கையோடு போகவில்லை. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் பின்னர் இதற்கு மாறான கருத்தைச் சொன்னார்கள்: சில வாரிசுகளின் பங்கு இறைவனால் உறுதியாக்கப்பட்டது, அதைக் குறைக்காமல் மற்றவர்களிடமே குறைவை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான்கு மத்ஹபுகளும் அவ்லையே ஏற்றன. ஆயினும் மறுப்பை மறைக்காமல் நூல்களில் எழுதி வைத்தார்கள்.

வாசகர்கள் கேட்கலாம்: வாரிசுச் சொத்தும் வகுப்பு நேரமும் ஒன்றா? ஒன்றல்ல. பராயிழில் பங்கு வேதத்தில் குறிக்கப்பட்டது. வகுப்பில் எவருக்கு எத்தனை நிமிடம் என்று எங்கும் குறிக்கப்படவில்லை. ஆனால் ஒரு விடயத்தில் இரண்டும் ஒன்று. வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை உரிமையோடு வருகிறது. கெட்டித்தனத்தைக் காட்டிப் பங்கு கேட்க வேண்டிய நிலையில் அது இல்லை. வாரிசு யார் என்று கேட்ட பின், வாரிசில் யார் திறமைசாலி என்று எந்த மௌலவியும் கேட்பதில்லை. நாற்பது நிமிடத்தில் 26 உரிமைகள் அடங்காது. அடங்காதபோது குறைவை எல்லோர் மீதும் பரப்புவதா, பதினெட்டுப் பேர் தலையில் கட்டுவதா என்பதுதான் என் முன்னிருந்த கேள்வி. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

கணக்கிலே பரம்பல் விதி என்று ஒன்று படிப்பிக்கிறோம். மூன்றை அடைப்புக்குள் இருக்கும் பத்து கூட்டல் நான்கால் பெருக்கச் சொன்னால், சில பிள்ளைகள் முப்பது கூட்டல் நான்கு என்று எழுதுவார்கள். வெளியே நிற்கும் மூன்று உள்ளே இருக்கும் முதலாவதைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். "அடைப்புக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் போக வேணும்" என்று சொல்லிச் சொல்லியே நான் சிவப்பு மையால் பிழை போட்டிருக்கிறேன். எத்தனை கொப்பிகளில்!

அந்த வீட்டிலிருந்து வந்த பின் எனது வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். இவ்வாண்டு 23 பிள்ளைகள். பெயர்ப் பட்டியலை மேசையில் வைத்து, ஒரு கிழமைக்குள் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கோடு விழ வேண்டும் என்று விதித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளையின் கொப்பியை அதன் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் கோடு. மீடிறன் அட்டவணையை இன்னும் போடுகிறேன். யாருக்கு எந்தப் பாடம் விளங்கவில்லை என்று அறிய அது வேண்டும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. சென்ற பரீட்சையில் ஒரு மகள் வெட்டுப்புள்ளியை இரண்டு புள்ளியால் தவறவிட்டாள். முன்னைய முறையில் நான் அவளுக்குக் கூடிய நேரம் கொடுத்திருப்பேன். அவளுடைய வாப்பா பாடசாலைக்கு வந்து, கோபப்படாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்: "சேர், இன்னும் கொஞ்சம் பாத்திருந்தா வந்திருக்கும் தானே?"

வந்திருக்கலாம். அவர் சொன்னது நியாயம். அவர் மகளின் பங்கிலிருந்துதான் நான் எடுத்தேன். யாருக்குக் கொடுத்தேன் என்று அவரிடம் சொன்னேன். கடைசி மேசையில் மூன்று பிள்ளைகள் இப்போது எட்டில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் ஒப்பிட்டுச் சொல்வார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய கேள்வியையும் எனது பதிலோடு சேர்த்தே இங்கு எழுதி வைக்கிறேன்.